கலிபோர்னியாவின் பச்சை ஸ்டிக்கர்: கட்டணத்துக்குக் கிடைப்பது என்ன?

கலிபோர்னியாவில் சாலையில் ஓட்டுவதற்கான நம்பர் பிளேட் இல்லாத டர்ட் பைக்கையோ ஏடிவி என்னும் நான்கு சக்கர மண்பாதை வண்டியையோ அரசு நிலத்தில் ஓட்ட வேண்டுமானால், மாநில மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி வழங்கும் பச்சை ஸ்டிக்கரை வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கான கட்டணம் ஐம்பது டாலரைச் சற்றுத் தாண்டும். கட்டியதோடு மறந்துவிடுபவர்களே அதிகம். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது, எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கவனித்துவரும் எனக்கு, இந்த மாநிலத்தில் மண்பாதையில் வண்டி ஓட்டுபவர் வாங்கக்கூடியவற்றுள் இதைவிடப் பயனுள்ள ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

1971-இல் இயற்றப்பட்ட சாப்பி-ஸ்பெர்க் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஸ்டிக்கர் கட்டணம், பூங்கா நுழைவுக் கட்டணம், சாலைக்கு வெளியே எரிக்கப்படும் பெட்ரோலுக்கு நாம் செலுத்தும் வரியின் பங்கு ஆகிய மூன்றும் தனியான ஓர் அறக்கட்டளை நிதியில் சேர்கின்றன. இவற்றுள் பெரும்பங்கு பெட்ரோல் வரியிலிருந்தே வருகிறது.

அந்த நிதியின் பயனை நேரில் பார்க்க, மண்பாதை வண்டிகளுக்கான மாநிலப் பூங்காவான ஹாலிஸ்டர் ஹில்ஸ் சிறந்த இடம். 1975-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் ஊடே சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு ஓடுகிறது. சரிவுகளில் பாதைக்குக் குறுக்கே சிறு மேடும் பள்ளமுமாக மண்ணை அமைத்து, மழைநீர் பாதையோடு இறங்கி அரித்துவிடாமல் பக்கவாட்டில் வழிந்துபோகும்படி செய்திருக்கிறார்கள். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். ஒலிச் சோதனையும் முறையாக நடக்கிறது: சைலன்சர் முனையிலிருந்து 20 அங்குலத் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் மானியை வைத்து அளக்கிறார்கள், 1986 முதல் தயாரான வண்டி 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. இதைத் தொந்தரவாகக் கருதும் நண்பர்கள் உண்டு. பூங்காவைச் சுற்றி வாழ்பவர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்வதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம் என்பதால் நான் மனமுவந்து வரவேற்கிறேன்.

ஸ்டிக்கரின் முழு மதிப்பு மாநிலப் பூங்காக்களோடு முடிந்துவிடுவதில்லை. இந்த நிதியிலிருந்து வன சேவைத் துறை, நில மேலாண்மைப் பணியகம், மாவட்ட நிர்வாகங்கள், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றுக்கு மானியம் வழங்கப்படுகிறது. மானியத் தொகையில் பராமரிப்புக்கு 50 சதவீதம், சிதைந்த நிலத்தை மீட்பதற்கு 25, சட்ட அமலாக்கத்துக்கு 20, பாதுகாப்புக் கல்விக்கு 5 எனச் சட்டமே பிரித்துவைத்திருக்கிறது. மண்ணரிப்பு, எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி நீர்த்தர வாரியம் 2009-இல், ஜீப் ஓட்டுபவர்கள் விரும்பிச் செல்லும் மலைப்பாதையான ரூபிகான் குறித்துத் தூய்மைப்படுத்தும் உத்தரவு பிறப்பித்தபோது, அந்தப் பாதை மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சம் பரவியது. வடிகால் அமைப்பது, ஓடையைக் கடக்கப் பாலம் போடுவது போன்ற பணிகளை மானியப் பணமும் தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்து நிறைவேற்றியதால்தான் இன்றும் அங்கே ஜீப்புகள் செல்கின்றன.

குறைகளும் உண்டு. நிதி தனியானது என்றாலும் அதன் மீது மற்றவர்களின் கண் விழாமல் இல்லை. 2008-09 பட்ஜெட் நெருக்கடியில் அரசு அதிலிருந்து 9 கோடி டாலரைக் கடனாக எடுத்துக்கொண்டது. 2017-இல் திட்டத்தின் காலக்கெடுவை நீக்கி நிரந்தரமாக்கிய எஸ்பி 249 மசோதா, முதலில் ஓட்டுநர்களுக்குப் பாதகமான விதிகளோடுதான் வந்தது. ‘மாவட்டம் 36’ என்ற பெயர்கொண்டது போன்ற மோட்டார் சைக்கிள் சங்கங்களும், மண்பாதை வண்டி ஓட்டுநர்களின் மாநிலச் சங்கமான கோர்வாவும் உறுப்பினர்களைத் திரட்டி மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குச் சென்று பேசிய பிறகே அவை தளர்த்தப்பட்டன. 2021 மார்ச்சில் கடற்கரை ஆணையம், கடலோரத்தில் வண்டி ஓட்டும் இடமான ஒசியானோ மணற்குன்றுகளில் மண்பாதை வண்டிகளை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு தீர்மானித்தது. ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2023-இல் நீதிமன்றம், ஆணையம் தன் அதிகார எல்லையை மீறிவிட்டதாகத் தீர்ப்பளித்தது. அங்கே கூடு கட்டும் பனி உப்புக்கொத்திப் பறவைகளின் பாதுகாப்பும், காற்றோடு வரும் தூசியைச் சுவாசிக்கும் அக்கம்பக்கத்து மக்களின் நலமும் உண்மையான பிரச்சினைகள். தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக நாம் அவற்றைக் கைகழுவிவிட முடியாது.

ஸ்டிக்கரோடு இந்த விவரங்களில் ஒன்றுகூட நமக்குத் தரப்படுவதில்லை என்பதுதான் என் முதன்மையான வருத்தம். மானிய விண்ணப்பங்களின் முதல் வரைவுகள் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் வெளியிடப்பட்டு, பொதுமக்களின் கருத்து கேட்கப்படுகிறது. பணம் கட்டியவர்களுள் மிகச் சிலருக்கே இது தெரிகிறது. கருத்துச் சொல்ல வருபவர்களிலும் சிலர் நில மீட்புப் பணிகளுக்கு ஒதுக்கும் தொகையை வீண் என்று எதிர்க்கிறார்கள். இது தவறு. பாதைகள் மூடப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று மண்ணரிப்பு. அதைச் சரிசெய்யும் பணத்தை எதிர்ப்பவர் தம் பாதையை மூடுவதற்கான காரணத்தைத் தாமே எடுத்துக்கொடுக்கிறார்.

பதிவெண் பெற்ற சாலை வண்டிகளுக்கு இந்த ஸ்டிக்கர் தேவையில்லை. மற்ற வண்டிகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். வாங்கியவர்கள் தாம் அடிக்கடி செல்லும் வனப்பகுதியின் மானிய விண்ணப்பத்தை வசந்த காலத்தில் தேடி எடுத்து, பராமரிப்புப் பட்டியலில் தம் பாதையின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் விடுபட்டிருந்தால், எந்தச் சரிவில் மண் இறங்கியிருக்கிறது, எந்த ஓடைக்கடவு உடைந்திருக்கிறது என்பதைப் புகைப்படத்தோடு எழுதி அனுப்பினால், இறுதி விண்ணப்பம் தயாராகும் முன் அதைச் சேர்த்துக்கொள்ள அதிகாரிகளுக்கு அவகாசம் இருக்கும்.