காளி கண்டகி காத்துல நின்ன டென்ட்டும், அதை நிக்க வச்ச கோட்டார் தார்ப்பாய் கடையும்

போன அக்டோபர்ல நானும் எங்க அத்தானும் ரெண்டு பைக்குல கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைல இருந்து நேபாள் முக்திநாத் வரை போயிட்டு வந்தோம், மொத்தம் 27 நாள், அதுல 11 ராத்திரி டென்ட்லதான் படுத்தோம். வந்ததுல இருந்து எந்த டென்ட் வாங்கலாம்னு ஆள் மாத்தி ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் ஒக்காந்து எழுதுதேன். ஆன்லைன்ல வாங்கின டென்ட்டுக்கும், அதுல இருந்த கோளாறை எல்லாம் சரி பண்ணிக் குடுத்த நாகர்கோவில் கோட்டார் கம்போளம் பக்கத்து தார்ப்பாய் கடைக்கும் சேத்துத்தான் இந்த ரிவ்யூ. டென்ட் கம்பெனி பேரை விட்டுருதேன், இதே மாடலை பல கம்பெனி வேற வேற பேர்ல விக்குது, அதனால எதைப் பாத்து வாங்கணும்ங்கிறதுதான் முக்கியம்.

ரெண்டு பேர் படுக்கிற டென்ட், உள்ள கொசுவலை மாதிரி ஒரு அறை, மேல தனியா ஒரு கவர், அலுமினிய கம்பி, எல்லாம் சேத்து மூணு கிலோவுக்கு கொஞ்சம் மேல, நான் குடுத்தது 7,400 ரூவா. ரெண்டு பேருன்னு போட்டிருந்தாலும் ரெண்டு பேரும் ரெண்டு ஹெல்மெட்டும் ரைடிங் ஜாக்கெட்டும் உள்ள வச்சா திரும்பிப் படுக்க எடம் கெடையாது, ஒரு ஆளும் சாமானும்னா சுகமா இருக்கும். பெட்டில பெரிய எழுத்துல வாட்டர்ப்ரூஃப் 3000 எம்எம்னு போட்டிருக்கான். எவ்ளோ தண்ணி அழுத்தம் தாங்கும்ங்கிற அந்த நம்பர் துணிக்கு மட்டும்தான், தையலுக்கு இல்ல, தண்ணி உள்ள வாறது பெரும்பாலும் தையல் வழியாத்தான்.

வாங்கின உடனே ஜூலைல ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு கூட்டாளியோட தென்னந்தோப்புல போட்டுப் பாத்தேன். நம்ம முப்பந்தல் காத்து தெரியும்லா, மேக்க இருந்து கணவாய்க்குள்ள புகுந்து வருமே, அந்தக் காத்துக்குத்தானே அங்க அத்தன காத்தாலை வச்சிருக்கான். ராத்திரி பத்து மணிக்கு தரையில அடிச்ச மொத பெக், அதாவது முளை, புடுங்குச்சு, பொறவு வரிசையா நாலு, மேல் கவர் பாய் மாதிரி உப்பிக்கிட்டு தென்னை மரத்துல போய் மாட்டிச்சு. கம்பெனி குடுத்த பெக் வெறும் வளைச்ச கம்பி, மணலுக்கும் ஆகாது கல்லுத் தரைக்கும் ஆகாது. கயித்தை இறுக்குற பிளாஸ்டிக் பக்கிளும் வழுக்குது. கூட்டாளி டார்ச் அடிச்சுக்கிட்டே நின்னான், நான் கவரைச் சுருட்டி எடுத்தேன், அன்னைக்கு வெளிய போட்டுப் பாத்தது எவ்ளோ நல்லதுன்னு அங்க போன பொறவுதான் தெரிஞ்சுது.

அடுத்த நாளே கோட்டாருக்குக் கொண்டு போனேன். லாரிக்குப் படுதா, வள்ளத்துக்குத் தார்ப்பாய், கல்யாணப் பந்தல் துணி எல்லாம் தைக்கிற பழைய கடை, தரையில ஒக்காந்துதான் வேலை. அண்ணாச்சி டென்ட்டை விரிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஒரு செம்பு தண்ணியை எடுத்து மேல் கவரோட மூலைத் தையல்ல ஊத்தினாரு, கீழ இருந்து கட்டைவிரலை வச்சு அமுக்கினாரு, மூணு எடத்துல நகத்தடியில முத்து முத்தா தண்ணி வந்துச்சு. உள்பக்கம் ஒட்டியிருந்த டேப் ஓரத்துல பொரிஞ்சு தூக்கிக்கிட்டு இருக்கு, புது டென்ட், ஒரு மழை கூட பாக்கல. கயிறு கட்ட பக்கத்துல நாலு ஐலெட், அதான் ஓட்டையில அடிக்கிற வளையம், அடிச்சுத் தாங்க அண்ணாச்சின்னேன், “வேண்டாம் மக்ளே, இந்தத் துணி சோனி, ஐலெட் அடிச்சா அதுல புடிச்சே கிழியும், நான் பட்டை வச்சு தைச்சுத் தாறேன், இழுப்பு நாலா பக்கமும் பரவணும்லா”ன்னாரு. நைலான் பட்டையை முக்கோணத் துணியில வச்சு ரெட்டைத் தையல் போட்டு, தையல் மேல பசை தடவி, ரெண்டு நாள் காய வச்சுத்தான் தந்தாரு. மூணு நாளுன்னு சொல்லி நாலாச்சு, கூலி 650 ரூவா. அவசரத்துக்குப் போறவங்க இதைக் கணக்குல வச்சுக்கிடுங்க.

அதோட அடியில விரிக்க ஒரு ஷீட்டும் வெட்டித் தந்தாரு, டென்ட் தரையை விட நாலு பக்கமும் ரெண்டு இஞ்சு கம்மியா. நான் பெருசா இருந்தாத்தான நல்லதுன்னு கேட்டேன். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கவர்ல இருந்து வழியிற மழைத்தண்ணி ஷீட்டுல விழுந்து நேரா அடியில வந்து தேங்கும்னாரு. இதை கடைல ஷீட்டு விக்கிறவங்க யாரும் சொல்லித் தாறதில்ல.

வழி பத்தி சுருக்கமாச் சொல்லுதேன். கோரக்பூர் தாண்டி சுனௌலி பார்டர், நம்மளுக்கு விசா கெடையாது, பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி போதும், வண்டிக்குத்தான் பன்சார்னு சுங்கச் சீட்டு எடுக்கணும், நாள் கணக்குக்குக் காசு, அதனால ஒரு நாள் ரெண்டு நாள் கூட்டியே எடுங்க, நாள் தாண்டினா அபராதம். நம்ம நூறு ரூவா அங்க 160, கடியாரத்தை 15 நிமிஷம் முன்னால வைக்கணும். ரோட்டுல நம்மள மாதிரியே எடப்பக்கம்தான் ஓட்டணும். பூட்வல் தாண்டி தான்சென் ஏறும்போது மொத ராத்திரி டென்ட், ஒரு லாட்ஜ் முற்றத்துல, ராத்திரி பூரா மழை. காலைல ஷீட்டைத் தூக்கிப் பாத்தேன், அடியில புல்லு மட்டும் நசுங்கிக் கெடக்கு, ஒரு சொட்டு ஈரம் இல்ல. அங்க நின்னே அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

பொக்காரால பேவா ஏரிக்கரையில ரெண்டு ராத்திரி. அங்க மழை இல்ல, ஆனாலும் காலைல மூஞ்சில சொட்டுச் சொட்டா விழுது. ஒழுகுதுன்னு நெனச்சு அத்தான் எந்திரிச்சுட்டாரு. ஒழுகல, ரெண்டு பேர் விட்ட மூச்சு குளிர்ந்த கவர்ல பட்டு வேர்த்துருக்கு. இந்த டென்ட்ல காத்து போற ஜன்னல் கையகலம் ஒண்ணுதான் இருக்கு, இது பெரிய கொறை, தைச்சும் தீராது. வாங்கும்போது எதிரெதிரா ரெண்டு ஜன்னல் இருக்கான்னு பாருங்க, தண்ணியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, மழை இல்லன்னா ரெண்டு வாசலையும் பாதி தொறந்தே படுங்க.

இனி காளி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்கு. பெனி தாண்டி தாதோபானி வழியா ஏறினா ஒரு பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, இந்தப் பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, நடுவுல ஆறு, ஆத்தோரமா நாம. மேல திபெத் பக்கத்து மேடு வெயில்ல சூடாக ஆக, கீழ உள்ள காத்தை எல்லாம் அந்த இடுக்கு வழியா உறிஞ்சு இழுக்கும், முற்பகல்ல ஆரம்பிச்சா சாயந்திரம் வரை தெக்க இருந்து வடக்க ஒரே அடி, ஜோம்சோம்ல பிளேனே காலைல மட்டும்தான் எறங்கும். முப்பந்தல் மாதிரியேதான், ஆனா மண்ணும் பொடிக் கல்லும் சேந்து வரும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு பெர்மிட் வேணும், நம்ம ஆளுங்களுக்கு 1,000 நேபாள ரூவா, கண்ட எடத்துல டென்ட் போடாதீங்க, லாட்ஜ்ல கேட்டா அவங்க எடத்துல போட விடுவாங்க, சாப்பாட்டை அவங்ககிட்டயே சாப்பிடணும், அதுதான் மரியாதை.

மார்ஃபா வந்து சேரும்போது மணி மூணு, காத்து உச்சத்துல. ஒரு லாட்ஜுக்குப் பின்னால ஆப்பிள் தோட்டத்துல எடம் தந்தாங்க. டென்ட்டோட ஒடுக்கமான தலைப்பைத் தெக்கப் பாத்து வச்சோம், மொதல்ல காத்து வாற பக்கத்து ரெண்டு கயித்தைக் கட்டிட்டுத்தான் கம்பியையே ஏத்தினோம், “லேய் மாப்ளே, கையை எடுத்துராதே”ன்னு அத்தான் கத்துறது காதுல பாதிதான் விழுது. தரை முழுக்கக் கல்லு, பெக் நாலு விரக்கடைக்கு மேல எறங்கல. தலைமாட்டுக்கல்லு அளவுல ஆத்துக் கல்லை எடுத்துக் கயித்தைச் சுத்திக் கட்டினோம். அந்தக் கயிறு குளச்சல்ல வாங்கின வலைக்கயிறு, கிலோ கணக்குல தருவாங்க, கம்பெனி கயித்தை நான் வீட்டுலயே தூர எடுத்துட்டேன். கடலுக்குப் போற எங்க சித்தப்பா ஒரு முடிச்சு சொல்லித் தந்திருந்தாரு, இழுத்தா ஏறும், பாரம் வந்தா அப்படியே நிக்கும், பக்கிளே வேண்டாம். ஒன்னரை மணி நேரம் உள்ள ஒக்காந்து பட்டைத் தையலையே பாத்துக்கிட்டு இருந்தேன். கம்பி வில்லா வளையுது, திரும்பி நிமிருது, அண்ணாச்சி போட்ட எட்டுப் பட்டையில ஒண்ணு கூட நூல் விடல. அந்த 650 ரூவாதான் இந்த ட்ரிப்புலயே நான் செலவழிச்ச நல்ல காசு.

ஆனா உள் அறை அடி வரைக்கும் வெறும் வலை, மாவு மாதிரி மண்ணு உள்ள வந்து படுக்கை, பல்லு, கேமரா எல்லாத்துலயும். காத்தடிக்கிற எடத்துக்குப் போறவங்க அடியில ஒரு முழமாவது துணி வச்ச உள் அறை பாத்து வாங்குங்க. அடுப்பும் அங்க பிரயோஜனப்படல, நாம கொண்டு போனது வெறும் பியூட்டேன் டப்பா, பூஜ்யம் டிகிரி பக்கம் வந்தாலே அது ஆவியாகாது, எரிய எரிய டப்பாவும் இன்னும் குளிரும், தீ மினுக்கு மினுக்குன்னு அணையுது. ஜாக்கெட்டுக்குள்ள டப்பாவை வச்சு சூடாக்கி ஒரு சாயா போட்டோம். வீட்டுல இருந்து கட்டிக்கிட்டுப் போன அவலும் கருப்பட்டியும்தான் கைகுடுத்துச்சு, தீயே வேண்டாம்லா.

முக்திநாத்துல 3,700 மீட்டருக்கு மேல, அங்க டென்ட் போடல, லாட்ஜ்லதான். நம்ம திருவட்டாறும் திருப்பதிசாரமும் இருக்கிற அதே 108 திவ்யதேசத்துல ஒண்ணு, அங்க 108 தாரைத் தண்ணியும் தலையில விழுந்தப்போ அம்மாவை நெனச்சு ஒரு பாட்டில் புடிச்சேன்.

திரும்பும்போது அவசரத்துல ஈரத்தோட சுருட்டி வச்சது மூணு நாள் பையிலயே கெடந்துச்சு, நாக்பூர் தாண்டி ஒரு தாபா வேலில விரிச்சா பூஞ்சை வாடை. தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க, உள்பூச்சு ஈரச்சூட்டுல பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு போயிரும், நம்ம ஊரு புழுக்கத்துக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். வந்ததும் கெணத்துத் தண்ணில அலசி நெழல்ல காயப் போட்டேன், மடிக்காம ஒரு பழைய வேட்டில தளர்வாக் கட்டி பீரோ மேல வச்சிருக்கேன். முட்டம், சொத்தவிளை பக்கம் போடுறவங்க ஜிப்பை மட்டுமாவது நல்ல தண்ணில கழுவிருங்க, உப்புக்காத்துல ஸ்லைடர் பூத்துப் போவும், எனக்கு ஒரு பக்கம் இப்பவே கடிக்குது.

டென்ட்டுக்கு அஞ்சுக்கு மூணு, கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஸ்லைடர் மாத்த வாற வாரம் மறுபடியும் கோட்டாருக்குப் போறேன், நீங்க போறதா இருந்தா காலைல போங்க, மத்தியானத்துக்கு மேல லாரிப் படுதா வந்து எறங்கிரும், அண்ணாச்சிக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.