மதர்போர்டோடு போன குரல்

லேப்டாப் போன மாதம் மேசையிலிருந்து விழுந்தது. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள், ஒன்பது நாள் கடையில் கிடந்தது, விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்ததும், சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் பென் டிரைவைச் செருகி, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, டிரைவின் எழுத்தையும், பார்வையில்லாத எனக்குத் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்கிற மென்பொருள் இருக்கும் இடத்தையும் அடித்து என்டர் தட்டினேன். சில நொடிகளில் அதனோடு வரும் ஈஸ்பீக் என்கிற இலவசக் குரல் பேசிவிட்டது. என் வேகம், என் அமைப்புகள், நான் சேர்த்து வைத்த சொற்கள், எல்லாம் அப்படியே இருந்தன. நீ யார், இது எந்த மெஷின் என்று ஒரு கேள்வி இல்லை.

காசு கொடுத்து வாங்கிய தமிழ்க் குரல் மட்டும் வரவில்லை.

இரண்டரை ஆண்டாக அந்தக் குரலை வைத்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்து, "சார், அந்தக் குரல் விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். அப்போது நான் கோபத்தில் இருந்ததால் பாதிதான் சொன்னேன், மீதியை இங்கே எழுதுகிறேன்.

பார்வையுள்ளவர்கள் இதைப் படித்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: திரைவாசிப்பான் வேறு, குரல் வேறு. திரையில் எங்கே பட்டன், எங்கே தலைப்பு, எங்கே அட்டவணை என்று தேடி எடுப்பது திரைவாசிப்பான், அதை வாயால் சொல்வது குரல். இரண்டையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். என்விடிஏ கட்டற்ற மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்; இலவசம், அதற்குள் விலைக்கு விற்கும் குரலையும் ஓட்டலாம். நான் அப்படித்தான் ஓட்டினேன்.

அந்தக் குரல் நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் கேட்ட தமிழ்க் குரல்களில் அதற்குத்தான் முதலிடம். ழகரம் சுத்தமாக வரும், கேள்விக்குறி வந்தால் கேட்கிற மாதிரியே ஏறும், நீண்ட வாக்கியத்தில் மூச்சு விட வேண்டிய இடத்தில் விடும். வாங்கிய முதல் வாரம் இரவில் நாவல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து என் மனைவி யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். இருபது ஆண்டாக இயந்திரக் குரலையே கேட்டுப் பழகிய காதுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் வேலைக்கு அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. விடைத்தாள் மதிப்பெண் பட்டியல், சுற்றறிக்கை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் மனிதர் பேசும் வேகத்தில் கேட்டால் பொழுது போய்விடும். வேகத்தைக் கூட்டினால் அந்த அழகான குரல் சொல்லின் கடைசியை விழுங்குகிறது. தமிழில் விஷயமே கடைசியில்தான் இருக்கிறது: வந்தானா, வந்தாளா, வந்தாரா, அனுப்பலாமா, அனுப்பலாகாதா. அந்த வாலை விழுங்கிவிட்டால் என்ன படித்து என்ன? ஒரு சுற்றறிக்கையில் "தேவையில்லை" என்பதைத் "தேவை" என்று கேட்டு, இரண்டு பீரியட் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறேன்.

ஈஸ்பீக்கில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. கேட்க அழகாக இருக்காது, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அது யாருடைய பேச்சையும் பதிவு செய்து வெட்டி ஒட்டியது இல்லை, பெரும்பாலான ஒலிகளைக் கணக்குப் போட்டு அப்போதைக்கு அப்போது உண்டாக்குகிறது. அதனால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் மெய்யெழுத்து மெய்யெழுத்தாகவே நிற்கிறது. "வந்தார்" என்பதில் அந்த ர் என் காதில் விழுகிறது. புதிதாகக் கேட்பவர்களுக்கு முதல் இரண்டு வாரம் தலை வலிக்கும். அதைத் தாண்டிவிட்டால் குரல் இருப்பதே மறந்துபோய் எழுத்து மட்டும்தான் தெரியும்.

சரி, மதர்போர்டு கதைக்கு வருகிறேன். அந்தக் குரலுக்கு மூன்று மெஷினில் ஆக்டிவேட் செய்யும் அனுமதி. பழைய லேப்டாப் ஒன்று, பள்ளிக்கூட மெஷின் ஒன்று, இது மூன்றாவது. மதர்போர்டு மாறியதும் இது நான்காவது மெஷின் என்று அது முடிவு செய்துவிட்டது. விற்றவர்களுக்கு எழுதினேன். பழைய கணினியில் போய் டீஆக்டிவேட் செய்துவிட்டு வரச் சொன்னார்கள். செத்துப்போன போர்டில் எப்படி ஐயா டீஆக்டிவேட் செய்வது? மறுபடி எழுதினேன். பில் கேட்டார்கள், அனுப்பினேன். அப்புறம், திரையில் வரும் பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பார்வை இல்லாதவர்களுக்குக் குரல் விற்கிறவர்கள் என்னிடம் படம் கேட்கிறார்கள். அதையும் பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எடுத்து அனுப்பினேன். பதினோராவது நாள் புதிய ஆக்டிவேஷன் கீ வந்தது.

பதினோரு நாள் என்பதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். உங்கள் மானிட்டர் கடைக்காரர், வயரை மாற்றினீர்களா, அப்படியானால் எனக்கு எழுதுங்கள், யோசித்துவிட்டுத் திரையை எரிய விடுகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் குரல்தான் திரை. வேறு குரல் கையில் இருந்ததால் நான் தப்பித்தேன். விலைக்கு வாங்கிய குரலை மட்டும் நம்பியிருந்தவர் அந்தப் பதினோரு நாளும் என்ன செய்திருப்பார்?

காசுக்கு விற்பதெல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கணினி கற்றதே ஜாஸ் என்கிற, விலைக்கு விற்கும் திரைவாசிப்பானில்தான். டெட் ஹென்டர் என்பவர், விபத்தில் பார்வை இழந்தவர், 1989-இல் விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்காக அதைக் கொண்டுவந்தார், 1995-இல் விண்டோஸுக்கு வந்தது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 40 நிமிடம் பேசும், பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அந்த 40 நிமிடங்களை வைத்தே படித்து வேலைக்குப் போனவர்கள் உண்டு, அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. எக்செல்லில் பெரிய அட்டவணைக்குள் நடமாட இன்றும் ஜாஸ்தான் எனக்கு வசதி. ஆனால் அன்று ஆயிரம் டாலரை ஒட்டிய விலை. ஓர் ஆசிரியர் சம்பளத்தில் அதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்கிற பார்வையற்ற இளைஞர் என்விடிஏயை எழுதத் தொடங்கியதும் இந்தக் கேள்வியிலிருந்துதான். பார்வையில்லாதவன் பார்வையுள்ளவனைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்து ஏன் கணினி வாங்க வேண்டும்? அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவர்தான், இருவருக்கும் சிறுவயது இசை முகாமில் ஏற்பட்ட பழக்கம்.

விலையைவிட எனக்கு உறுத்துவது சாவி யார் கையில் என்பதுதான். விண்டோ ஐஸ் என்று ஒரு நல்ல திரைவாசிப்பான் இருந்தது. 2014-இல் எம்எஸ் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இலவசம் என்றார்கள், எவ்வளவோ பேர் மாறினார்கள். 2017-இல் நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் கை மாறியது, முடிந்தது கதை. எடுத்து நடத்த விரும்பினாலும் நிரலைத் தொட முடியாது. ஈஸ்பீக்கைப் பாருங்கள், ஜோனத்தன் டடிங்டன் ஒருவர் உழைப்பில் 1995-இல் ஏகார்ன் என்ற நிறுவனத்தின் கணினிகளுக்காகத் தொடங்கியது. அவர் கை ஓய்ந்த பிறகு, 2015-இல் வேறு சிலர் ஈஸ்பீக் என்ஜி என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள், இன்றும் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறது. தமிழ் உச்சரிப்பு விதிகள் அதன் மூல நிரலில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கின்றன. க என்பதை எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று திறந்து படிக்கலாம், திருத்தலாம். நான் அந்த அளவுக்குப் போனதில்லை, என்விடிஏயின் பேச்சு அகராதியோடு நிறுத்திக்கொண்டேன். "ரூ." வந்தால் ரூபாய் என்று படி, "கி.பி." வந்தால் புள்ளியில் நிற்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறேன். நான் திருத்தியது திருத்தியபடியே இருக்கிறது என்பதில் இருக்கும் சந்தோஷம் தனி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு கோப்பு இறங்கும்போது என்விடிஏ போடும் பீப் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறிக்கொண்டே போகும், எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதை நான் வேறு வேலை செய்தபடியே காதால் தெரிந்துகொள்வேன். எட்டு ஆண்டுக்குப் பிறகும் அது எனக்குப் பிடிக்கிறது.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு குரல் வரும், என்விடிஏயில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டற்றது இல்லை, ஆனால் தனியாகக் காசு கேட்பதில்லை. புதிய மதர்போர்டில் மறுபடி பதிவிறக்கியதும் வந்துவிட்டது. அந்தப் பதினோரு நாளும் எனக்குக் கதை படித்தது வள்ளுவர்தான். விலை கொடுத்த குரலின் இனிமை அதில் இல்லை.

புதிய கீ போட்ட அன்றிரவு அந்தக் குரலில் மறுபடி கேட்டேன். முதல் பத்தியிலேயே கோபம் பாதி இறங்கிவிட்டது, அவ்வளவு நன்றாக இருந்தது. இருந்தாலும் என் மாணவிக்கு என் பதில், வாங்காதே. விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வாங்காதே. தேர்வுக்குப் படிப்பவளுக்குப் பதினோரு நாள் என்பது ஒரு பாடம் முழுக்கப் போவது. ஈஸ்பீக்கை முதல் நாள் நிதானமாக வைத்துக்கொண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டு. கதை கேட்க வள்ளுவரை வைத்துக்கொள். என் பேச்சு அகராதிக் கோப்பை உனக்கு அனுப்பியிருக்கிறேன், என்விடிஏ அமைப்புகள் இருக்கும் இடத்தில் ஸ்பீச்டிக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போடு, நீ ஏற்கெனவே சொற்கள் சேர்த்திருந்தால் அந்தக் கோப்பை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போடு. வங்கித் தேர்வில் வரும் சுருக்கங்கள் அதில் குறைவு. நீ சேர்த்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.