கொழும்பிலிருந்து ரொறன்ரோ: டுபாய் வழியா, இலண்டன் வழியா?

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. ஆகவே வெள்ளவத்தையில் பயண முகவரிடம் போய் அமரும் எவருக்கும் முதலில் எழுவது, எங்கே இறங்கி மாறுவது என்ற கேள்விதான். பெரும்பாலானோர் விலையையும் மொத்த நேரத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் வயதான பெற்றோருக்கு ரிக்கெற் எடுக்கும்போது அந்த இரண்டு கணக்கும் போதாது.

தூரத்தைப் பொறுத்தவரை இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாக 14,370, இலண்டன் ஹீத்ரோ வழியாக 14,420. இந்த 50 கிலோமீற்றர் ஐந்து நிமிடப் பறப்புக்கும் குறைவு. டில்லி வழியோ 14,030 தான், ஏனெனில் இங்கிருந்து ரொறன்ரோவுக்கான மிகக் குறுகிய பாதை மேற்கே அல்ல, வடக்கு நோக்கியே தொடங்குகிறது. ஆயினும் 2022 முதல் ரஷ்ய வான்பரப்பு கனேடிய விமானங்களுக்கும், 2025 ஏப்ரல் முதல் பாகிஸ்தான் வான்பரப்பு இந்திய விமானங்களுக்கும் மூடப்பட்டதால், அந்தச் சிக்கனம் பெரும்பாலும் வரைபடத்தோடு நின்றுவிடுகிறது.

உண்மையான வேறுபாடு, பயணம் எந்த இடத்தில் முறிகிறது என்பதில் இருக்கிறது. டுபாய்க்கு ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும்; அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ பதினான்கு மணித்தியாலம் ஒரே இருக்கையில் இருக்க வேண்டும். இலண்டன் வழியில் முதலில் பதினொன்று, பிறகு எட்டு. கூட்டினால் இரண்டும் பத்தொன்பதை ஒட்டியே வருகின்றன. ஆனால் பதினான்கு மணித்தியாலம் தொடர்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கும் எழுபது வயதுக்காரருக்குக் கணுக்கால் வீங்கி, கழற்றிவைத்த சப்பாத்து இறங்கும் நேரத்தில் காலில் ஏறாமல் போகும்; நீரிழிவுக்காரருக்கு மாத்திரை வேளையும் சாப்பாட்டு வேளையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் குழம்பும். பாதிவழி கடந்ததும் இறங்கி நடந்து, முகம் கழுவி, அடுத்த விமானத்தில் எட்டு மணித்தியாலம் இருப்பது அவர்களுக்குத் தாங்கக்கூடியது. உடல்நலம் உள்ள இளையோருக்கு டுபாயே இலகு. நீண்ட பறப்பில் அவர்கள் உறங்கிவிடுவார்கள்.

இலண்டனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுடன் அங்கே விமானம் மாறுவதற்கே விசா தேவை. செல்லுபடியாகும் கனேடிய விசா உள்ளவர்களுக்குப் பொதுவாக விலக்கு இருந்தாலும், புறப்படுமுன் விதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இரு பறப்புகளையும் ஒரே பதிவில் எடுப்பது முக்கியம். தனித்தனியாக எடுத்தால், மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் நிறைந்த பெட்டிகளை அங்கே இறக்கி, குடிவரவைக் கடந்து, மீண்டும் நிறுத்துக் கொடுக்க நேரும். ஊன்றுகோலுடன் வருபவருக்கு அது பெரும் துன்பம்.

திரும்பும்போது மேலைக்காற்று விமானத்தைப் பின்னிருந்து தள்ளுவதால் ரொறன்ரோ–டுபாய் பறப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைகிறது. எனவே போகும்போது இலண்டன் வழியைத் தெரிவுசெய்தவர்களும் வரும்போது டுபாயைத் தாராளமாக எண்ணிப் பார்க்கலாம்.