16 வோல்ட் காருக்குக் கன்வெர்ட்டர் என்று எதை விற்கிறார்கள் பாருங்கள்

என் ரேஸ் காரில் 16 வோல்ட் பாட்டரி. சாதாரண காரின் ஈய அமில பாட்டரியில் 6 செல்கள் என்றால் இதில் 8. முழுச் சார்ஜில் சும்மா நிற்கும்போதே 16.8 வோல்ட் காட்டும்; சார்ஜரை மாட்டினால் 18ஐத் தாண்டும். ஸ்டார்ட்டருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ரேடியேட்டர் விசிறியும், கார் ஓடும்போது அளவுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரும் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. அவற்றுக்காக, மின்னழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்தும் ஒரு கன்வெர்ட்டர் மாட்டித் தரும்படி ஒயரிங் செய்பவரிடம் கேட்டேன். முழு விலையை வாங்கிக்கொண்டு, கறுப்புப் பிசின் ஊற்றி மூடிய பெட்டி ஒன்றை மாட்டினார். விசிறியை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தார்: 12.8. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் என் மீதே எரிச்சல் வருகிறது.

விசிறி கிளம்பும்போதெல்லாம் லாகர் அணைந்து எழுந்தது. “லாகர் கோளாறு” என்றார். பெட்டி கையைச் சுட்டது. “ரேஸ் கார் சுடாமல் இருக்குமா?” என்றார். ஒருநாள் விசிறியை அணைத்து, சார்ஜரை மாட்டி, லாகரிலிருந்து தரவு எடுத்துக்கொண்டிருந்தேன். கருகிய வாடை. ஃபியூஸ் போகவில்லை, மின்னோட்டம் மிகுந்தால்தான் அது போகும், மின்னழுத்தம் மிகுந்தால் அதற்குத் தெரியாது.

பெட்டியை உடைத்தேன். உள்ளே 0.4 ஓம் மின்தடை ஒன்று, வேறொன்றுமில்லை! விசிறி 10 ஆம்பியர் இழுக்கும்போது அது 4 வோல்ட்டைத் தின்று 40 வாட் சூட்டைக் கக்கும். கிளம்பும் நொடியில் 20 ஆம்பியர் போனால் 8 வோல்ட்டை விழுங்கும்; லாகர் மயங்கியது அதனால்தான். லாகர் மட்டும் ஓடினால் கால் ஆம்பியர்தான், 0.1 வோல்ட்தான் குறையும். சார்ஜரின் 18 வோல்ட் ஏறக்குறைய முழுதாக லாகருக்குள் போயிருக்கிறது.

போய்க் கேட்டேன். “அதுவும் வோல்ட்டைக் குறைக்கத்தானே செய்கிறது?” என்றார். பணம் திரும்பவில்லை.

நீங்கள் வாங்கினால் விசிறி ஓடும்போது மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். எதுவும் இணைக்காமல் ஒருமுறை, சின்ன விளக்கோடு ஒருமுறை, விசிறியோடு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். உண்மையான கன்வெர்ட்டர் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். பாட்டரியின் ஆறாவது செல்லிலிருந்தே 12 வோல்ட் எடுத்துத் தருகிறேன் என்றும் சிலர் வருவார்கள். அந்த ஆறு செல்கள் மட்டும் வற்றிப்போகும். சார்ஜ் ஏற்றும்போது மற்ற இரண்டும் அளவு மீறிக் கொதிக்கும்.