டிசெக்‌ஷன் ஹால் ப்ளோயரில் ரூ.2,86,000 போனது, எக்ஸாஸ்ட் வேலை செய்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் ப்ளோயர் விற்றவரிடமிருந்து கடைசி மெசேஜ் வந்தது: "ரிட்டர்ன் கிடையாது." இன்னும் கை நடுங்குகிறது. கோவையில் சின்ன அளவில் டக்ட், எக்ஸாஸ்ட் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். ஒரு மருத்துவக் கல்லூரியின் அனாடமி டிசெக்‌ஷன் ஹாலுக்கு, அதாவது மாணவர்கள் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்துக்கு, காற்றை இழுத்து வெளியே தள்ளும் ப்ளோயர் தேவைப்பட்டது, தொழிற்சாலைச் சாமான்கள் விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் ஆளைப் பிடித்தேன். போனது ரூ.2,86,000.

நம்பியதற்குக் காரணம் அந்த ஆள் கேட்ட ஒரு கேள்வி. மற்றவர்கள் எல்லாரும் "எத்தனை சி.எஃப்.எம். சார்" (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) என்றுதான் ஆரம்பித்தார்கள். இவர் மட்டும், "டேபிள் ஓரத்திலேயே இழுக்கிற டவுன்டிராஃப்ட் டைப்பா, இல்ல சுவர்ல தரையோரமா கிரில்லா சார்?" என்றார். உடல் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தின் ஆவியைச் சீலிங் வழியாக இழுத்தால் அது குனிந்து அறுக்கிற பிள்ளையின் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும், அதனால் கீழே இழுக்க வேண்டும், உள்காற்றையே திருப்பி விடக் கூடாது, வராந்தாவை விட ஹாலில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும், இதெல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. விஷயம் தெரிந்தவர் என்று முழுப் பணத்தையும் அனுப்பினேன். எஃப்.ஆர்.பி. (ஃபைபர் கிளாஸ் பிளாஸ்டிக்) ப்ளோயர், 75 மி.மீ. ஸ்டாட்டிக் பிரஷரில் (டக்டின் தடையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்) 6000 சி.எஃப்.எம்., 7.5 எச்.பி. மோட்டார் என்று இன்வாய்ஸிலேயே இருக்கிறது.

மாட்டி ஓட்டினோம். டேபிள் ஓரத் துளைகளுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தேன். கீழே வளைந்து உள்ளே போக வேண்டிய புகை நேராக மேலே போனது. இருபது வருஷமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த ஹாலில் வேலை பார்க்கும் லேப் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டாரின் நேம் பிளேட்டை நகத்தால் சுரண்டினால், ஸ்டிக்கர்! அடியில் 3 எச்.பி. அதாவது 2.2 கிலோவாட். அவர் சொன்ன காற்றைத் தள்ள, ஃபேன் நஷ்டத்தையும் சேர்த்தால் மூன்றரை கிலோவாட் வேண்டும். பாடியும் எஃப்.ஆர்.பி. இல்லை, பெயின்ட் அடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு.

அப்புறம் அலைக்கழிப்பு. "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க" என்று பதினொரு நாள். பிறகு "உங்க டக்ட் லீக்கா இருக்கும்." ஸ்டிக்கர் போட்டோ அனுப்பியதும் போனே எடுப்பதில்லை. தளத்தில் கேட்டால், "நாங்கள் அறிமுகம் செய்துவைப்பது மட்டும்தான்." ரூ.2,86,000 ஐயா! ஃபார்மலினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. முதல் பிரிவில் வைத்திருக்கிற பொருள். அதைச் சுவாசிக்கப் போகிற பிள்ளைகளின் தலையில் கை வைத்திருக்கிறான்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டாட்டிக் பிரஷர் சொல்லாத சி.எஃப்.எம். கணக்கை நம்பாதீர்கள். வண்டியிலிருந்து இறக்கும்போதே வீடியோ எடுத்து நேம் பிளேட்டைச் சுரண்டிப் பாருங்கள். ஃபார்மலின் வாடைக்கு ஹெப்பா ஃபில்டர் போதும் என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள், அது தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் புகார் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு. அதற்குள் மாட்ட, கோவை, திருப்பூர் பக்கம் யாரிடமாவது வாடகைக்கு நல்ல எஃப்.ஆர்.பி. ப்ளோயர் இருந்தால் சொல்லுங்கள், நானே வண்டி வைத்து வந்து எடுத்துக்கொள்கிறேன்.