பிரேக் பேட் பிளந்தது. விற்றவர் கேட்டது மெக்கானிக் பில்

வீட்டிலேயே காரின் பிரேக் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டு) அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் பேடும் மாற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை கடினம் என்று பயமுறுத்த அல்ல. ஜாக்கி ஸ்டாண்டு, போல்ட்டைக் குறித்த விசையில் முறுக்கும் டார்க் ரெஞ்ச், அவசரப்படாத ஒரு நாள் இவை இருந்தால் முன்சக்கர பிரேக்கை நாமே மாற்றிவிடலாம். நான் எச்சரிப்பது உதிரிபாகம் விற்பவர்களில் ஒரு ரகத்தைப் பற்றி. வாங்குகிறவரே பொருத்திக்கொள்கிறார் என்று தெரிந்துவிட்டால், பாகத்தில் என்ன கோளாறு இருந்தாலும் பழியைப் பொருத்தியவர் தலையில் கட்டிவிடலாம் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

என் காரின் முன்பேடுகள் 3 மி.மீ. மட்டுமே மிச்சமிருக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டன. டிஸ்க்கின் ஓரத்தில் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஒரு ஜோடி டிஸ்க்கும் ஒரு செட் பேடும் வாங்கினேன். பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டி, சீல், மினுங்கும் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தன. விலையும் சந்தேகப்படும்படி குறைவாக இல்லை. போலி என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று நாம் நினைப்பது விற்பவருக்கும் தெரியும்.

முதல் தகராறு டிஸ்க்கில். மேலே இருந்த டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் எண்ணெய்ப் பசையோடு புத்தம்புதிதாக இருந்தது. அடியில் இருந்தது காய்ந்து கிடந்தது. நடுவில் காற்றுப் போகும் இடைவெளிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பு பெயின்டுக்கு அடியில் துரு செதில் செதிலாக நின்றது. மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்தேன். ஒன்று 24 மி.மீ., இன்னொன்று 22.3. என் காருக்குப் புது டிஸ்க் 24. 22-க்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும். இந்தக் குறைந்தபட்ச அளவு டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ ஓரத்திலோ 'மின் டிஎச்' (MIN TH) என்று பொறித்திருக்கும். அடியில் இருந்த டிஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் கெட்டியாக அப்பியிருந்தது. யாரோ ஓட்டித் தேய்த்துக் கழற்றியதை லேத்தில் கடைந்து, பெயின்ட் அடித்து, புதிய டிஸ்க்கோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

படத்தோடு எழுதியதும் உடனே பதில் வந்தது. "கோடவுனில் கலந்துவிட்டது சார், மன்னிக்கவும்." வாதாடவில்லை, வேறு டிஸ்க் அனுப்பினார்கள், அது சரியாகவே இருந்தது. அந்த மரியாதைதான் பேட் மீது சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டது. இப்போது யோசித்தால், அளந்து பார்க்கிற ஆளிடம் டிஸ்க்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை, பேடின் தரத்தை அளக்க வீட்டில் ஏது கருவி என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

பொருத்திய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் இருந்த துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, வீல் நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன்: பக்கவாட்டு ஆட்டம் 0.03 மி.மீ. பெரும்பாலான கார்களுக்கு 0.05 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிரேக் அழுத்தாதபோதும் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசி உரசி மெலிந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்களுக்கு சிலிகான் கிரீஸ். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிவிடும். போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க்கில் முறுக்கினேன். ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்தேன். பிறகு காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல் பலமுறை மிதமாக பிரேக் பிடித்து, ஆறவிட்டு, பேடை டிஸ்க்கோடு பழக்கினேன்.

முதலில் வந்தது சத்தம். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே போய் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று ஒன்று. பேடைப் பிடிக்கும் கிளிப் சரியாக உட்காரவில்லையோ என்று கழற்றிப் பார்த்தேன், உட்கார்ந்துதான் இருந்தது. சில வாரங்களில் ஒரு நீண்ட இறக்கத்தில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நினைத்த இடத்தில் நிற்க மறுத்தது, கூடவே கருகல் வாடை. கியரைக் குறைத்து, ஓரங்கட்டி, ஆறவைத்து, மெதுவாக வீடு சேர்ந்தேன். சக்கரத்தைக் கழற்றினால் பேடின் ஓரத்தில் ஒரு துண்டே இல்லை. தேயும் பொருளுக்கும் அதைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே பிளேடு நுழைகிற விரிசல். நான்கு பேடிலும் அதே கதை.

தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய பேடை எடுத்து ஒப்பிட்டேன். அதன் தகடு 6 மி.மீ.; புதியதன் தகடு 5 தான். அந்த 'டக்' சத்தத்துக்கும் அளவு பிசகிய இந்தத் தகடுதான் காரணமோ என்று அப்போது தோன்றியது. பழைய தகட்டில் தயாரிப்பு எண், ஓரத்தில் எஃப்எஃப் என்ற உராய்வுக் குறி எல்லாம் தெளிவாக இருந்தன. அந்த இரண்டு எழுத்தில் முதலாவது குளிர்ந்த நிலைக்கு, இரண்டாவது சூடேறிய நிலைக்கு. எஃப் என்றால் உராய்வு எண் 0.35-லிருந்து 0.45-க்குள். புதிய பேடில் ஒரு எழுத்தும் இல்லை. பெட்டியில் மட்டும் வட்டத்துக்குள் 'ஈ' முத்திரையும் '90ஆர்' என்று தொடங்கும் எண்ணும் அழகாக அச்சாகியிருந்தன. அது ஐ.நா. வாகன விதிகளில் ஆர்90 என்பதன் ஒப்புதல் எண். மாற்று பேட் அசல் பேடுக்கு இணையாகப் பிடிக்கிறதா, தகட்டிலிருந்து பெயர்கிறதா என்று சோதித்த பிறகே கிடைக்கும். ஒப்புதல் உண்மை என்றால் பெட்டியில் மட்டுமல்ல, பேடிலும் அழியாதபடி பொறித்திருக்க வேண்டும்.

இப்போது விற்பனையாளரின் குரல் மாறிவிட்டது. முதல் கேள்வியே "எந்த ஒர்க்ஷாப்பில் மாட்டினீர்கள் சார்?" நானே என்றதும் வரிசையாக வந்தன. பேடைப் பழக்கியிருக்க மாட்டீர்கள் என்றார்கள். பழக்காவிட்டால் பேட் மெருகேறி வழுக்கலாம், டிஸ்க்கில் படிவு வந்து அதிரலாம். தகட்டிலிருந்து பிரிந்து வராது. ஸ்லைடு பின் இறுகியிருக்கும் என்றார்கள். இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் அதிகமாகவோ சாய்வாகவோ தேயும். இரண்டு சக்கரத்திலும் உள்ளும் புறமும் ஒரே மாதிரி பிளக்காது. ஹப்பில் துரு, அதனால் ஆட்டம் என்றார்கள். டயல் கேஜ் படத்தை அனுப்பினேன். கடைசியில் துருப்புச்சீட்டு: தகுதியுள்ள மெக்கானிக்கின் பில் இல்லாமல் வாரண்டி இல்லை, பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவதுமில்லை. ஓடாமல் ஒரு பேட் பிளக்காது, பொருத்தாமல் ஓடாது. அப்படியென்றால் இந்த வாரண்டியைப் பயன்படுத்தத்தான் யாரால் முடியும்?

விற்பனைத் தளத்தில் புகார் செய்தேன். அவர்களும் 'பயன்படுத்திய பொருள்' என்று மூடிவிட்டார்கள். கதவைத் திறந்தது பெட்டியில் பெயர் போட்டிருந்த கம்பெனி. அவர்களின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பேடின் முன், பின், ஓரம், பெட்டியின் தொகுதி எண் எல்லாவற்றையும் படமாக அனுப்பினேன். அந்தத் தொகுதி எண் தங்களுடையது அல்ல, தங்கள் பேடுகளில் தகட்டிலேயே எண் பொறித்திருக்கும் என்று எழுத்தில் பதில் தந்தார்கள். அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகுதான் பேடின் பணம் வந்தது. பொருத்தியது சரியா தவறா என்று வாதாடிக்கொண்டிருந்த வரை ஒரு காசும் பெயரவில்லை. பொருள் போலி என்று ஆனதும் பொருத்தியவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. டிஸ்க்குக்கு ஒன்றும் கேட்க முடியவில்லை. பேடின் பசையும் துகளும் படிந்து கெட்டுப்போன அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே பெட்டி வந்ததும் காரைத் தூக்குவதற்கு முன்பே சீல் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். இரண்டு டிஸ்க்கையும் தனித்தனியாக அளந்து, கருவியில் எண் தெரியும்படி படம் எடுங்கள். பேடின் தகட்டை அசலோடு ஒப்பிடுங்கள், பொறித்த எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் பொருத்தாதீர்கள், சக்கரம் ஏறும்வரை பேரம் நம் பக்கம். கழற்றிய பழைய பேடை வேலை முடிந்து ஒரு மாதமாவது வைத்திருங்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. சந்தேகமான பேடின் தூளை வாயால் ஊதவோ காற்றடித்து விரட்டவோ வேண்டாம். யார் தயாரித்தது என்றே தெரியாத பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

அந்த விற்பனையாளரின் பக்கம் இப்போது இல்லை. ஆனால் அதே படங்கள், அதே வாசகங்களோடு வேறு பெயரில் ஒரு கடை வந்திருக்கிறது. படங்களில் பெட்டி எல்லாக் கோணத்திலும் இருக்கிறது, பேடின் பின்பக்கம் ஒன்றில்கூட இல்லை. தகட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "ஸ்டாக்கில் இருக்கும்போது சீல் பிரிக்க மாட்டோம் சார்" என்று பதில் வந்தது.