ரேம் ஏத்திட்டேன்னு சொல்லி பேஜ் ஃபைலை ஏத்தி விட்ட சர்வீஸ் கடை, உஷார் மக்களே

அக்கா லேப்டாப்ல 4 ஜிபி ரேம் தான், அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க், குரோமையும் எக்செலையும் சேர்த்துத் தொறந்தாலே இழுக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து கடையில 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஒண்ணு போடச் சொல்லி குடுத்தாங்க. 2,800 ரூபா வாங்கிட்டு, மெமரி எவ்ளோ இருக்குன்னு காட்டுற டாஸ்க் மேனேஜரைத் தொறந்து "பாருங்க மேடம், 12 ஆயிடுச்சு"ன்னு காட்டி அனுப்பிட்டான்.

ஆனா ஹேங் ஆகுறது அப்படியே தான் இருக்கு, டிஸ்க் எப்பவும் 100% லயே நிக்குது. நான் வாங்கிப் பாத்தா அவன் காட்டுனது கமிட்டட்னு வர்ற நம்பர், அதுல ரேமும் பேஜ் ஃபைலும் (ரேம் பத்தாதப்ப யூஸ் பண்ண விண்டோஸ் டிஸ்க்ல ஒதுக்கி வைக்குற இடம்) கூட்டித் தான் வரும். மேல வலது மூலையில பாருங்க, அதே 4 ஜிபி. கீழ ஸ்லாட்ஸ் யூஸ்டு, அதாவது ஸ்டிக் சொருகுற இடம், 2ல 1னு தான் இருக்கு. ஸ்டிக்கே போடல, பேஜ் ஃபைல் சைஸை 8 ஜிபின்னு மாத்தி வச்சிருக்கான், அவ்ளோ தான். தேவைப்பட்டா விண்டோஸே அதைத் தானா பெருசாக்கிக்கும், இதுக்கு எதுக்குய்யா காசு?

ரேம் பத்தலைன்னா விண்டோஸ் கொஞ்ச நேரமா தொடாத டேட்டாவைத் தூக்கி டிஸ்க்ல அந்த பேஜ் ஃபைல்ல போட்டுடும் (இதைத் தான் விர்ச்சுவல் மெமரிம்பாங்க), புரோகிராம் திரும்ப அதைக் கேட்டா டிஸ்க்ல இருந்து வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். அடுப்படியில கைக்கு எட்டுற டப்பாவும் பரண்ல கெடக்குற மூட்டையும் ஒண்ணாகுமா? ரேம்ல எடுக்க சுமார் 100 நானோசெகண்ட், ஹார்ட் டிஸ்க்ல சுமார் 10 மில்லிசெகண்ட், அதாவது லட்சம் மடங்கு. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி இருந்தா தேவலாம், அப்பவும் ரேம் ஆகாது. சில போன்ல 8+8 ஜிபின்னு வெளம்பரம் பண்றாங்களே, அந்த ரெண்டாவது 8ம் ஸ்டோரேஜ்ல இருந்து எடுக்குறது தான்.

திருட்டு ஒண்ணும் புதுசு இல்ல, 1995ல அமெரிக்கால சாஃப்ட்ரேம்95னு ஒரு சாஃப்ட்வேர் ரேமை ரெட்டிப்பாக்கும்னு சொல்லி லட்சக்கணக்குல வித்துச்சு, அப்புறம் அது ஒண்ணும் பண்ணலைன்னு அம்பலமாகி 1996ல அங்க அரசு நடவடிக்கையே எடுத்தாங்க.

கடைக்குப் போய் கேட்டா "விர்ச்சுவல் மெமரியும் மெமரி தானே சார்"ங்கிறான். சத்தம் போட்டதுக்கப்புறம் 2,000 திருப்பிக் குடுத்தான், மிச்சம் சர்வீஸ் சார்ஜாம். சரி அதுக்காவது பில் குடுய்யான்னா பிரிண்டர் ரிப்பேராம், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில.